ஒரு துளி இரத்தமும் ஓர் அட்டையும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற இரத்தப் பரிசோதனை முகாமுக்கு முன்தினம், மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றால் கொடியேற்றம் உண்டு, நவநாள் உண்டு, தேர்ப்பவனியும் அசன விருந்தும் உண்டு. ஐம்பது ஆண்டு கண்ட நம் பங்கில் இவை யாவும் குறைவின்றி நடந்தேறி வருகின்றன. விழாக் குழுவினர் இவற்றோடு நில்லாமல், நாளை ஞாயிறு திருப்பலிக்குப் பின் பள்ளிக்கூட மண்டபத்தில் இரத்தப் பரிசோதனை முகாம் ஒன்றையும் ஏற்பாடு செய்திருக்கின்றனர். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் நடந்த முகாம்களை நாம் முன்னர் கண்டிருக்கிறோம். நாளை நடக்கவிருப்பது வேறு. பெற்றோர் வழியாகப் பிறவியிலேயே வரும் ஒரு குறையை, அதாவது சிவப்பணுக்களில் இருக்கவேண்டிய ஓர் என்சைம் போதாமல் இருப்பதைக் கண்டறியும் சோதனை அது.

அறிவிப்பு வாசிக்கப்பட்ட நாள்முதல் அன்பியக் கூட்டங்களிலும் கோயில் முற்றத்திலும் நம்மிடம் பலர் பலவாறு கேட்டனர். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கேள்விகள் மூன்றுதான். நோயில்லாதவனுக்குச் சோதனை எதற்கு? சோதனையை எப்படிச் செய்வார்கள், முடிவை நம்பலாமா? பெண்பிள்ளைக்குக் குறை இருப்பதாக வந்துவிட்டால் வரன் தட்டிப்போகாதா? மூன்றாவது கேள்வியைச் சத்தமாகக் கேட்டவர் எவருமில்லை. தனியே வந்து தாழ்ந்த குரலில் கேட்டவர்களே மிகுதி. நாம் மருத்துவர் அல்லோம். முகாமை நடத்த வரும் டாக்டரிடம் கேட்டுத் தெளிந்ததையும் நூல்களில் கற்றதையும் கொண்டு, இம்மூன்றுக்கும் வரிசையாக விடை கூற விழைகிறோம்.

முதற் கேள்வி: நோயில்லாதவனுக்குச் சோதனை எதற்கு?

நம் உடலின் சிவப்பணு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்கிறது. மற்ற உயிரணுக்களுக்கு உட்கரு உண்டு. தேய்ந்த பொருளை அவை புதிதாகச் செய்துகொள்ளும். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. புறப்படும்போது கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றை வைத்துக்கொண்டே அது வழிநெடுகப் பிழைக்கவேண்டும். அந்தக் கட்டுச்சோற்றில் முக்கியமான ஒன்று குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் என்சைம். பெயர் நீளமாதலால் ஜி-6-பி-டி என்று சுருக்கிச் சொல்வார்கள்.

அது செய்யும் வேலை காவல் வேலை. சில மருந்துகளும் சில உணவுப்பொருள்களும், சில வேளைகளில் கடுங்காய்ச்சலும், இரும்பைத் துரு தின்பதுபோல் சிவப்பணுவைத் தின்னும். ஜி-6-பி-டி போதிய அளவு இருந்தால் அந்தத் துரு ஏறாது. குறைவாக இருப்பின் அணுக்கள் கூட்டங்கூட்டமாக உடைந்துபோகும். இரண்டு மூன்று நாட்களில் கண் மஞ்சளிக்கும், சிறுநீர் காப்பி டிக்காஷன்போல் கறுக்கும், மூச்சு வாங்கும், எழுந்து நிற்க இயலாத களைப்பு வரும். இக்குறை உடையோர் உலகில் 40 கோடிக்கும் மேற்பட்டவர். அவர்களுள் பெரும்பாலோர் அதை அறியாமலே பிறந்து, உழைத்து, முதுமை எய்தி மறைகிறார்கள். தீங்கு செய்யும் மருந்து வாய்க்குள் போகும்வரை அவர்கள் நம்மைப்போன்றவர்களே. ஆகையால்தான், நோயாளியாவதற்கு முன்பே சோதனை.

அந்த மருந்துகள் எவை? மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுயின் முதன்மையானது. தொழுநோய்க்குத் தரும் டாப்சோன் மற்றொன்று. சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் நைட்ரோபுரண்டாயின் இன்னொன்று. மருந்தல்லாத ஒன்றும் உண்டு. துணிப்பெட்டியில் பூச்சிக்குப் போடும் பாச்சை உருண்டை, அதாவது நாப்தலீன் உருண்டை. குழந்தையின் பழந்துணிகளை அந்த உருண்டையோடு மடித்து வைத்திருந்து, அடுத்த குழந்தைக்கு எடுத்துப் போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டல்லவா? குறையுள்ள குழந்தைக்கு அந்த வாடையே ஆபத்தாகலாம். பச்சைக் குழந்தையின் உடலில் மருதாணி அரைத்துப் பூசுவதும் அவ்வாறே. அரபு நாடுகளில் அதனால் சிவப்பணு உடைந்து துன்புற்ற குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கின்றனர்.

உணவில் பெயர் பெற்றது ஓர் அவரை. மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் பாவா என்று வழங்குவது. இத்தாலிக்குச் சேர்ந்த சார்டினியாத் தீவில் இளவேனிற்காலம் வந்து பாவா காய்க்கத் தொடங்கியதும், நேற்றுவரை ஓடியாடிய பிள்ளைகள் வெளுத்து மஞ்சளித்துப் படுத்துவிடுவது தலைமுறை தலைமுறையாகக் கண்ட காட்சி. 1971-இல் அத்தீவின் வடபகுதியான சஸ்ஸாரி மாவட்டத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இச்சோதனை செய்து, பெற்றோருக்கு எடுத்துரைக்கும் பணி தொடங்கிற்று. அதன்பின் இந்நோய் அங்கு வெகுவாகக் குறைந்துபோயிற்று. அவரையும் அங்கேதான் விளைகிறது. குறையும் அவர்கள் இரத்தத்தில் அப்படியேதான் இருக்கிறது. மாறியது ஒன்றே: இன்ன பிள்ளைக்கு ஆகாது என்பது வீட்டாருக்குத் தெரிந்திருக்கிறது. தாய்மார்கள் அஞ்சவேண்டாம், நம் மொச்சையும் நாட்டு அவரையும் வேறு செடி. தீங்கு செய்யும் வைசின், கன்வைசின் என்னும் பொருள்கள் மிகுந்திருப்பது பாவாவில்தான்.

எல்லாவற்றிலும் கொடியது பச்சைக் குழந்தையின் மஞ்சள் காமாலை. இக்குறையுள்ள சில குழந்தைகளுக்குப் பிறந்த சில நாட்களிலேயே பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் இரத்தத்தில் ஏறி, மூளையில் படிந்துவிடும். உயிர் தப்பினாலும் செவி கேளாமற் போகலாம். கைகால் வழங்காமற் போகலாம். தக்க தருணத்தில் கண்டால் நீல ஒளியின்கீழ் கிடத்தியோ, மிகக் கடுமையானால் இரத்தம் மாற்றியோ காப்பாற்றிவிடலாம். நம் தமிழ் மக்களும் வாழ்கின்ற சிங்கப்பூரில், இவ்வகைக் காமாலையால் குழந்தைகள் மாண்டுகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1965 முதல் அங்கே பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் இச்சோதனையைச் செய்து வருகின்றனர். அத்துன்பம் அங்கு அரிதாகிவிட்டது. நம் அண்டை மாநிலமான கேரளத்திலும், அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குச் செய்யும் சோதனைகளில் இதுவும் ஒன்று.

இரண்டாவது கேள்வி: சோதனையை எப்படிச் செய்வார்கள், முடிவை நம்பலாமா?

எர்னஸ்ட் பாய்ட்லர் என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர் 1966-இல் வெளியிட்ட எளிய முறை ஒன்று இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. ஒரு துளி இரத்தத்தை ஒரு மருந்துக் கலவையில் விட்டுச் சற்று நேரம் வைத்திருப்பார்கள். பின்பு அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வடிதாளில் இட்டு உலர்த்தி, இருட்டில் புற ஊதாக் கதிர் விளக்கின்கீழ் பார்ப்பார்கள். என்சைம் உள்ள இரத்தத்தின் சொட்டு ஒளிரும். இல்லாத சொட்டு இருண்டே கிடக்கும். அவ்வளவுதான். இது இருக்கிறது, இல்லை என்று சொல்லுமேயன்றி எவ்வளவு என்று சொல்லாது. அளவறிய வேறொரு சோதனை உண்டு. அதில் ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு இத்தனை யூனிட் என்று எண்ணாகவே வரும். நாளை முதலில் ஒளிச் சோதனையும், தேவைப்படுவோருக்குப் பின்னர் அளவுச் சோதனையும் நடைபெறும். வெறும் வயிற்றில் வரவேண்டியதில்லை. கஞ்சி குடித்துவிட்டே வரலாம்.

முடிவை நம்பலாமா என்றால், நம்பலாம். காலம் அறிந்து செய்திருந்தால். இதைச் சற்று விளக்கவேண்டும்.

இரண்டாம் உலகப்போர்க் காலந்தொட்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஸ்டேட்வில் என்னும் சிறைச்சாலையில், மலேரியா மருந்துகளைக் கைதிகளுக்குக் கொடுத்துச் சோதித்து வந்தனர். பிரைமாகுயின் கொடுத்தபோது கறுப்பினக் கைதிகளுள் சிலருக்கு மட்டும் இரத்த அணுக்கள் உடைந்தன. அவர்களது அணுக்களில் கதிரியக்க அடையாளமிட்டு ஆராய்ந்ததில் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன: குற்றம் மருந்தில் மட்டுமன்று, அந்த அணுவிலேயே இருக்கிறது, அதிலும் முதிர்ந்த அணுக்களே உடைகின்றன, இளம் அணுக்கள் தப்பிவிடுகின்றன. குறைந்திருப்பது ஜி-6-பி-டி என்பது 1956-இல் உறுதியாயிற்று. சிறைப்பட்ட மனிதரின் இசைவு உண்மையில் இசைவாகுமா என்னும் கேள்வி பின்னாளில் எழுந்தது, எழவேண்டிய கேள்விதான். நாளை நாம் நீட்டும் ஒரு துளிக்குப் பின்னால், பெயர் தெரியாத அந்தச் சகோதரர்களின் துன்பம் இருக்கிறது என்பதை நினைவில் கொள்வோம்.

நிற்க. முதிர்ந்த அணு உடையும், இளம் அணு தப்பும் என்றோம். நம் நினைவில் பதியவேண்டியது இதுவே. அணுக்கள் உடைந்து முடிந்த சமயத்தில் இரத்தம் எடுத்தால் என்ன ஆகும்? குறைந்த என்சைமுடைய முதிய அணுக்கள் போய்விட்டன. எஞ்சியிருப்பவையோ என்சைம் சற்று மிகுந்த புது அணுக்கள். சோதனை 'சரியாக இருக்கிறது' என்று சொல்லிவிடும். பிறருடைய இரத்தம் ஏற்றியபின் எடுத்தாலும் அவ்வாறே ஏமாற்றும். ஆகவே நோய் தணிந்து ஏறத்தாழ மூன்று மாதம் சென்றபின் மறுபடி பார்க்கவேண்டும். எடுத்த இரத்தத்தை வெயிலிலும் வெப்பத்திலும் வைத்திருந்தாலோ என்சைம் கெட்டு, குறையில்லாதவருக்கும் குறை காட்டும். அதனாலேயே குளிர்பெட்டியோடு வருகிறார்கள்.

நாம் முன்னர் பணியாற்றிய ஒரு பங்கில் நடந்ததைச் சொல்கிறோம். பெயரைத் தவிர்த்து எங்கும் சொல்லலாம் என்று அந்தக் குடும்பத்தார் நமக்கு இசைவு தந்திருக்கின்றனர். வெளிமாநிலத்தில் கட்டட வேலை பார்த்த ஓர் இளைஞனுக்கு மலேரியா கண்டது. வைவாக்ஸ் என்னும் வகை. அந்தக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்தும் எழும்பும். அதை வேரறுக்கவே பதினான்கு நாள் பிரைமாகுயின். அவ்வூர்ச் சிகிச்சையகம் ஒன்றில் இரத்தம் பார்க்காமலே மாத்திரை கொடுத்துவிட்டனர். மூன்றாம் நாள் சிறுநீர் கறுத்தது. மருந்தை வலுப்படுத்த வேண்டுமோ என்று எண்ணி நான்காம் நாளும் விழுங்கியிருக்கிறான். உடன் வேலை செய்தவர்கள் பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்று இரத்தம் ஏற்றி உயிர் காத்தனர். அந்த வாரமே செய்த ஜி-6-பி-டி சோதனையில் குறையில்லை என்று வந்தது. ஊர் திரும்பியவன் அந்தத் தாளையே காட்டிக்கொண்டிருந்தான்.

அவ்வூர் மருந்தகத்தில் பணிபுரிந்த அருட்சகோதரி ஒருவர்தான் தேதிகளைக் கூட்டிப் பார்த்து, "தம்பி, மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிடு" என்று விடாமல் சொன்னார். பார்த்தான். குறை இருந்தது. அதற்குள் அவன் தமக்கை முழுகாமல் இருந்தாள். தம்பிக்கு இருப்பது தெரிந்ததால் பிரசவம் பார்த்த டாக்டரிடம் முன்கூட்டியே சொன்னார்கள். ஆண்குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் மஞ்சள் ஏறத் தொடங்கியதும், 'வெயிலில் காட்டினால் போகும்' என்று வீட்டுக்கு அனுப்பாமல் ஒளிச்சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டனர். அந்தப் பிள்ளை இன்று பள்ளிக்கூடம் போகிறான். கூப்பிட்டால் காது கேட்கிறது. சில வேளை கேளாதவன்போல் நடிக்கவும் நடிக்கிறான் என்று அவன் பாட்டி சொன்னார். ஒரு மாமனின் இரத்தத்தில் கண்ட செய்தி மருமகனுடைய செவியைக் காத்தது.

இக்குறையுடையவருக்கு மலேரியா வந்தால் மருந்தே இல்லையோ என்று மலைக்கவேண்டாம். பிரைமாகுயினை வாரம் ஒருமுறையாக எட்டு வாரம், மருத்துவரின் கண்காணிப்பில் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் கூறியிருக்கிறது. டாக்டருக்குத் தெரிந்தால் வழி உண்டு. தெரியாமற்போவதே கேடு.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். இதற்குத்தான் இந்தக் கூட்டத்தையே கூட்டினோம் எனலாம்.

பண்புகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு எவ்வாறு இறங்குகின்றன என்பதற்கு ஒழுங்கான கணக்கை முதலில் கண்டவர் ஒரு துறவி. அகுஸ்தினார் சபைக் குருவான கிரிகோர் மெண்டல், ப்ரூனோ நகர் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்து எண்ணி, 1865-இல் அதனை வாசித்தளித்தார். உலகம் அதைப் பொருட்படுத்தியது 1900-இல்தான். அதற்குள் அவர் இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் தொடங்கிய கணக்கை வைத்தே இக்குறையின் வழியையும் இன்று சொல்ல முடிகிறது.

ஜி-6-பி-டி-க்குரிய மரபுக்கூறு எக்ஸ் என்னும் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு; ஆணுக்கு ஒன்று. ஒன்றில் பழுதுள்ள தாய்க்குப் பிறக்கும் ஒவ்வோர் ஆண்பிள்ளைக்கும் குறை வர இரண்டில் ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் தாயைப்போல் அதனைச் சுமக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. குறையுள்ள தந்தையோ அதனைத் தம் பெண்மக்கள் எல்லாருக்கும் கொடுப்பார், ஆண்மக்களுக்குக் கொடார். ஒன்றில் மட்டும் பழுதுள்ள பெண்ணின் உடலில் நல்ல அணுவும் குறையணுவும் கலந்தே ஓடுகின்றன. எனவே ஒளிச் சோதனை பெண்களிடம் குறையைத் தவறவிடக்கூடும். அவர்களுக்கு அளவுச் சோதனையே தெளிவு தரும்.

இதைக் கேட்டதும், 'அப்படியானால் தாயால்தான் வந்தது' என்று ஒரு சொல் எழும்பும் என்பதை நாம் அறிவோம். பங்குப்பணியில் இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறோம்: மருமகள் பப்பாளி தின்றாள், கிரகண வேளையில் வெளியே வந்தாள், அதனால்தான் பிள்ளை மஞ்சளாய்ப் பிறந்தது என்று. இப்போது அதே நாவுக்கு விஞ்ஞானம் புதிய கல்லொன்றை எடுத்துக் கொடுத்ததாக ஆகிவிடக்கூடாது. அந்தத் தாய் அதைத் தேடிப் பெறவில்லை. அவளுக்கு அவள் தந்தையோ தாயோ கொடுத்தது. அவர்களுக்கு முன்னோர் கொடுத்தது. மலேரியா நெடுங்காலம் ஆட்டிப்படைத்த நிலங்களிலேயே இக்குறை மிகுந்திருப்பதைக் கண்ட அறிஞர்கள், மலேரியாவிலிருந்து ஓரளவு காத்ததனாலேயே இது நிலைபெற்றது என்கின்றனர். ஆக, களங்கமென்று நாம் நினைப்பது நம் முன்னோர் சிலரைப் பிழைக்கவைத்த ஒன்று. இதன் உட்பிரிவுகளுள் நம் நாட்டில் காணப்படும் இரண்டிற்குக் கேரளா-கல்யாண் என்றும் ஒரிசா என்றும் பெயர். நம் மண்ணிலும் இது பழையது.

திருமண ஓலை மூன்று முறை வாசிக்கிறோம். தடை ஏதும் அறிந்தவர் தெரிவிக்கும்படி கேட்கிறோம். ஜி-6-பி-டி குறை அத்தகைய தடை அன்று என்பதை இந்தப் பீடத்தின் முன் நின்று தெளிவாகச் சொல்கிறோம். எந்த மாத்திரை ஆகாது என்று அறிந்த மருமகள் வீட்டுக்குக் குறைவா, அறியாத மருமகள் குறைவா? பெண் பார்க்கச் செல்வோர் இதை ஒரு விசாரணையாக்கினால், அடுத்த ஆண்டு முகாமுக்கு ஒரு பெண்பிள்ளையும் வரமாட்டாள். மறைத்தவர்களின் பேரக்குழந்தைகள் அதற்கு விலை கொடுப்பார்கள்.

மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் மணமுடிக்க ஆயரின் விலக்குக் கேட்டு வருவோரும் உண்டு. அவர்களுக்கு ஒரு சொல். ஜி-6-பி-டி தவிர வேறு என்சைம் குறைகளும் உள்ளன. 1961-இல் அறியப்பட்ட பைருவேட் கைனேஸ் குறை அவற்றுள் ஒன்று. அதில் பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு பழுதைச் சுமந்தால்தான் பிள்ளைக்கு நோய். அப்படிப்பட்ட பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரே பாட்டன் வழிவந்த இருவர் மணக்கும்போது அந்த இரண்டு பழுதும் ஒன்றுசேர இடம் அதிகம். தங்களுக்குள்ளேயே மணந்துகொள்ளும் அமெரிக்க ஆமிஷ் மக்களிடையே இந்நோய் காணப்படுவது இதனால்தான். உறவில் மணப்போர் முன்கூட்டி டாக்டரைக் கலந்துகொள்வது நலம்.

இனி நாளைய காரியம். முடிவுகள் மூடிய உறையில் அவரவர் கையில் கொடுக்கப்படும். பங்கு அலுவலகத்திற்குப் பட்டியல் எதுவும் வராது, நாமும் கேட்கமாட்டோம், ஞானஸ்நானப் பதிவேட்டிலும் ஏறாது. குறையுள்ளோருக்கு, ஆகாத மருந்துகளின் பெயர் எழுதிய சிறு அட்டை ஒன்று தரப்படும். அதைப் பெட்டிக்கடியில் ஒளிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் செல்லும் பிள்ளையின் கைப்பேசியிலும் படமெடுத்து வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், பிரசவத்திற்குப் போனாலும், வாய் திறக்கும் முன் அட்டையை நீட்டுங்கள். அண்மையில் காமாலையோ இரத்தம் ஏற்றுதலோ கண்டவர்கள் அதனை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்களுக்கு வேறு நாள் குறித்துத் தருவார்கள்.

குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெண்பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு ஆண்பிள்ளைகளை மட்டும் அழைத்து வராதீர்கள். செய்தியைச் சுமந்து செல்பவர்கள் அவர்கள். நாளை வரிசையில் முதல் ஆளாக நாமே கையை நீட்டுகிறோம். நமக்குப் பின்னால் உங்கள் மகள்கள் நிற்கட்டும்.

இறைவன் உங்கள் இல்லங்களையும் மழலைகளையும் காப்பாராக.